எட்டு முப்பத்தேழு

தப்பா நெனைச்சுக்காதீங்க, ஒட்டுக் கேக்கணும்னு கேக்கலைங்க. ரயில்ல பக்கத்துச் சீட்டுல உக்காந்துட்டுக் காதை எங்க கழட்டி வெக்கறது? ஈரோடு தாண்டினதுல இருந்து நீங்க போன்ல பேசிட்டு வர்றீங்க. "நாளையில இருந்து பத்து நிமிஷம் லேட்டுன்னா உள்ள விடாதே, அப்பத்தான் புத்தி வரும்"னு சொன்னீங்கல்ல, அந்த எடத்துல நான் திரும்பி உங்களைப் பாத்துட்டேனுங்க. உங்க கம்பெனி, உங்க ஆளுங்க, நான் யாரு சொல்ல. ஆனா இதே வார்த்தையை இதே சத்தத்துல நான் சொல்லியிருக்கேன். அதனாலதான் கேட்டேன், சென்னை வரைக்குந்தானே போறீங்கன்னு. நேரமிருக்குது. சொல்றேன்.

என்ற பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் ஒரு கம்பெனி. மாவாட்டற கிரைண்டர் இருக்குதுல்லங்க, அதுக்கு மோட்டார் பண்றோம். அதுல நான் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். இருவத்திரண்டு வருசமாச்சு. எல்லாத்துலயும் முக்கியமானது வைண்டிங் செக்‌ஷன். செம்புக் கம்பியை மெசின்ல சுத்தி, அந்தக் காயிலை மோட்டாருக்குள்ள எறக்கிக் கட்டறது. அங்க பதினாலு பேரு. ஒருத்தனைத் தவிர எல்லாம் பொம்பளைங்க.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஆனி மாசம், மொதலாளி கூப்பிட்டாரு. "சென்னியப்பா, தீவாளிக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்குது. இப்ப ஒரு நாளைக்குத் தொண்ணூறு மோட்டார் போகுது. நூத்திருவது வேணும். ஆளைக் கூட்ட முடியாது. இருக்கற ஆளை வெச்சே பண்ணணும்"னாரு. நான் யோசிக்கவே இல்லைங்க. "டிசிப்ளின் பத்தலைங்க. அதை மட்டும் எனக்கு விட்டுருங்க"ன்னுட்டேன்.

நான் அப்படித்தானுங்க. கல்யாணத்தன்னைக்கு என்ற சம்சாரம் மணவறைக்கு நாலு நிமிஷம் லேட்டா வந்தா. முப்பது வருசமா அதைச் சொல்லிக் காட்டறேன். அவ சொல்லுவா, "அந்த நாலு நிமிஷமும் யோசிச்சுட்டு நின்னேன். இன்னுங் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்"னு.

மறுநாளே ஆரம்பிச்சேன். காலையில எட்டரைக்கு வேலை. அதுவரைக்கும் எட்டே முக்கால் வரைக்கும் கேட்டு தொறந்தே கெடக்கும், வர்றவங்க வருவாங்க. அதை மாத்துனேன். எட்டரை அடிச்சா கேட்டைப் பூட்டணும். மாசத்துக்கு ரெண்டு தரம் லேட்டா வந்தா மன்னிப்பு, மூணாவது தரம் திரும்பி வூட்டுக்கு. ரெண்டாவது, வேலை நேரத்துல பேச்சுக் கூடாது. "பேச்சு ஆகாது"ன்னு செவப்பு எழுத்துல போர்டு எழுதி, செக்‌ஷன்ல எல்லாரும் பாக்கற மாதிரி நானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். மூணாவது, பாத்ரூமுக்குப் போறதுக்கு ஒரு மரக்கட்டை. ஆணியில தொங்கும். அதை எடுத்துட்டுத்தான் போகணும், ஒருத்தர் வந்தப்பறந்தான் அடுத்தவங்க. இதை வூட்டுல பெருமையாச் சொன்னேன். சம்சாரம் சட்டியைக் கழுவிட்டே, "உங்களுக்கு இருக்கற சக்கரைக்கு நீங்க அந்த செக்‌ஷன்ல வேலைக்கு இருந்தா, கட்டை பாதி நாளு உங்க கையிலதான் இருக்கும்"னா. அவளுக்குக் கம்பெனி நிர்வாகம் தெரியாதுன்னு விட்டுட்டேன்.

மொத வாரம் நூத்தி நாலு போச்சுங்க. எனக்குத் தரையில கால் பாவலை. கிராப் தாள் வாங்கிட்டு வந்து கோடு போட்டு மொதலாளி ரூமுக்கு வெளியில ஒட்டுனேன். மேல ஏறுற கோடு. போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்திக் காட்டுவேன். கூரியர் குடுக்க வந்தவன்கிட்டக் கூடக் காட்டியிருக்கேன்.

ரெண்டாவது வாரம் தொண்ணூத்தி ஏழு. அப்பறம் தொண்ணூத்தி ஒண்ணு. அதுக்கப்பறம் எம்பத்தி நாலு. ஆரம்பிச்ச எடத்தைவிடக் கீழ போயிருச்சு. நான் என்ன நெனைச்சேன்னு நினைக்கறீங்க? இன்னும் கொஞ்சம் டிசிப்ளின் போடணும்னு நெனைச்சேன். காய்ச்சல் ஏறுதுன்னா மாத்திரையைக் கூட்டற டாக்டர் மாதிரி. மாத்திரையாலதான் காய்ச்சலான்னு பாக்கலை.

மொதலாளிக்கு எங்கியோ ஒருத்தர் சொல்லிட்டாரு, டிசிப்ளின் மட்டும் பத்தாது, மோட்டிவேஷனும் வேணும்னு. என்னைய ரெண்டு நாள் டிரெய்னிங்குக்குத் தாட்டி விட்டாரு. பெரிய ஓட்டல். ஏசி. நாப்பது பேரு, எல்லாம் என்னையாட்ட இன்சார்ஜுங்க. ஒரு தம்பி மைக்கைக் காதுல மாட்டிட்டு வந்து, எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லி, பக்கத்துல இருக்கறவர் தோளைப் புடிச்சு விடச் சொன்னாரு. எனக்குப் பக்கத்துல பெருந்துறையில இருந்து வந்த ஒருத்தர். ரெண்டு பேருக்கும் வயசு அம்பதுக்கு மேல. கம்முனு ஒருத்தர் தோளை ஒருத்தர் புடிச்சு விட்டுட்டு நின்னோம். அப்பறம் கண்ணாடியைப் பாத்து, "என்னால முடியும்"னு பத்துத் தரம் சொல்லணும். சொன்னேன். ஒம்பதாவது தரம் எனக்கே நம்பிக்கை வந்துருச்சுங்க, அதைச் சொல்லித்தான் ஆகணும்.

திரும்பி வந்து எல்லாத்தையும் செக்‌ஷன்ல எறக்கினேன். காலையில எட்டரைக்குக் கேட்டைப் பூட்டினதும் எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சு மூணு நிமிஷம் கை தட்டல். "நம்மளால முடியும்." பாவம், தட்டினாங்க. பஜனையில கைதட்டுற மாதிரி, கண்ணைத் தரையில வெச்சுட்டு. முடிஞ்சதும் எல்லாருக்கும் ஒரு மிட்டாய். மிட்டாயை வாயில போட்டதும் போர்டைப் பாத்துக் கம்முனு உக்காந்துக்குவாங்க.

அப்பறம் 'மாத நட்சத்திரம்'. போட்டோ போட்டு, கீழ பேரு எழுதி, ஜிகினாப் பேப்பர் ஒட்டி வெக்கறது. யாருக்குக் குடுக்கறதுன்னு ஆள் பாத்து முடிவு பண்ணினா பாரபட்சம்னு சொல்லுவாங்கன்னு, மார்க் போட்டேன். நேரத்துக்கு வந்தா இத்தனை, பேசாம இருந்தா இத்தனை, கட்டை எடுக்காம இருந்தா இத்தனை. மாசக் கடைசியில கூட்டிப் பாத்தா மொத ஆளு குப்புராஜ். அந்தப் பதினாலு பேர்ல ஒரே ஆம்பளை. ஒரு நாள் லேட்டில்லை, ஒரு வார்த்தை பேசலை, கட்டையைத் தொட்டதே இல்லை. போட்டோ மாட்டி, மொதலாளி கையால ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்தோம்.

அவன் கட்டுன மோட்டார் டெஸ்ட்டுக்குப் போனா மூணுல ஒண்ணு திரும்பி வரும். எனக்குத் தெரியுமாங்கறீங்களா? தெரியும். ஆனா மார்க் போடற தாள்ல அதுக்குக் கட்டம் போடலை. பின்னாடி ஒருக்கா கேட்டேன், "ஏப்பா, எப்படி நீ மட்டும் பேசாமயே இருக்கறே"ன்னு. "பேசுனா தூக்கம் கலைஞ்சிருதுங்க"ன்னான்.

கடைசி ஆளு யாருன்னா, மயிலாத்தா. மொத்த மார்க்குல பாதிகூட வரலை. நாப்பத்தி நாலு, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும் அந்தம்மாவுக்கு. அன்னூருக்கு அக்கட்ட ஒரு ஊர்ல இருந்து பஸ்ல வரும். பதினொரு வருச சர்வீஸ். அது கட்டுன மோட்டார் டெஸ்ட்ல திரும்பி வந்ததா எனக்கு ஞாபகமே இல்லைங்க. ஆனா பாருங்க, கேட்டு ரூல் வர்றதுக்கு முந்தி தினமும் லேட்டு. எட்டு முப்பத்தேழு. மழையானாலும் வெயிலானாலும் எட்டு முப்பத்தேழு. ரூல் வந்தப்பறம் மூணு வாரம் நேரத்துக்கு வந்துச்சு, அப்பறம் மறுபடியும் அதே எட்டு முப்பத்தேழு. பேச்சுக்கும் மார்க் போயிருச்சு. போர்டு மாட்டின அன்னைக்கே, "செல்வி..."ன்னு கூப்பிட்டு மாட்டிக்குச்சு. என்ற ரூம் கண்ணாடிக்கு அக்கட்ட நின்னு நானே பாத்து எழுதுனேன்.

ஆவணி மாசம் ஒரு நாள், மூணாவது லேட்டு. கேட்டுக்கு நானே போய் நின்னேன். வாட்ச்மேன் எளகிருவான்னு பயம். அந்தம்மா வேகமா நடந்து வருது, டிபன் கேரியர் கையில ஆடுது. கேட்டுக்கு வெளியில நின்னுச்சு. நான் உள்ள.

"இன்னைக்கு மூணாவதும்மா. வூட்டுக்குப் போயிரு."

"ஏழு நிமிஷந்தானுங்க சார். சாயங்காலம் ஏழு நிமிஷம் சேத்தி இருந்துட்டுப் போறனுங்க."

"இன்னைக்கு ஏழும்பீங்க, நாளைக்குப் பதினேழும்பீங்க."

"பதினொரு வருசமா ஏழுதானுங்களே."

 பதில் தெரியாதப்ப நாம என்ன பண்ணுவோம், குரலை ஒசத்துவோம். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான்"னேன். உள்ள செக்‌ஷன்ல எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேக்கணும்னுதான் சொன்னேன். அந்தம்மா அழுகலை, சண்டை போடலை. "சரிங்க"ன்னு டிபன் கேரியரைக் கை மாத்திப் புடிச்சுட்டுத் திரும்பிப் போயிருச்சு. மறுநாள் வரலை. அதுக்கடுத்த நாளும் வரலை. நான் ரிஜிஸ்டர்ல அந்தப் பேருக்கு நேரா ஒரு கோடு இழுத்தேன். ஸ்கேல் வெச்சு இழுத்தேன், நேராத்தான் இருந்துச்சு.

சொன்னா நம்ப மாட்டீங்க, அன்னைக்கு எனக்கு நெம்ப திருப்தி. ஒரு பெரிய காரியம் பண்ணின மாதிரி. வூட்டுல போய், "இனி ஒருத்தரும் லேட்டா வர மாட்டாங்க"ன்னேன். அதுவும் நடந்துச்சு. அந்த மாசம் ஒருத்தர்கூட லேட்டில்லை. நூத்துக்கு நூறு. செக்‌ஷனுக்குள்ள போனா கோயில் கருவறை மாதிரி அமைதி. மெசின் சுத்தற சத்தம் மட்டுந்தான்.

தீவாளி நோம்பிக்கு இருவது நாள் இருக்கும்போது தெக்க ஒரு டீலர்கிட்ட இருந்து போன். நாங்க அனுப்பின எரநூறு மோட்டார்ல புகை வருதுன்னு ஒண்ணொண்ணாத் திரும்பி வருதுன்னாரு. மொதல்ல அவங்க ஊரு கரண்டு சரியில்லைன்னு சொல்லிப் பாத்தேன். ஒரு வாரத்துல லாரியில நாப்பத்தாறு மோட்டார் வந்து எறங்கிருச்சு. மொதலாளி திட்டலைங்க. திட்டியிருந்தாத் தேவலை. அந்த நாப்பத்தாறையும் என்ற மேசையைச் சுத்தித் தரையில அடுக்கச் சொன்னாரு. நான் என்ற நாற்காலிக்குப் போகணும்னா அதுங்களைத் தாண்டித்தான் போகணும். கருகின வாசம் சட்டையில ஏறிருச்சு.

பிரிச்சுப் பாத்தோம். காயில்ல சுத்துக் கம்மி. ஒண்ணுல ரெண்டு, ஒண்ணுல நாலு. கம்பியில அங்கங்க கீறல். செக்‌ஷன்ல எல்லாரையும் நிக்க வெச்சுக் கேட்டேன், "எப்படிம்மா இது? முந்தியெல்லாம் இப்படி வராதே?" பதிமூணு பேரும் கம்முனு நிக்கறாங்க. "சொல்லுங்க, யாரையும் ஒண்ணும் சொல்லலை"ங்கறேன். கம்முனு நிக்கறாங்க. எனக்குக் கோபம் வந்துருச்சு. "எதுக்கு இப்படி வாயை மூடிட்டு நிக்கறீங்க?"

செல்வின்னு ஒரு புள்ளை. அது மெதுவாக் கையைத் தூக்கி, எனக்குப் பின்னாடி காட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். நான் ஸ்டூல் போட்டு மாட்டின போர்டு.

அப்பறந்தான் அந்தப் புள்ளை சொல்லுச்சு. சுத்தற மெசின்ல எண்ணிக்கை காட்டற மீட்டரு பழசு, அப்பப்ப ஒண்ணு ரெண்டு தாவிரும். அதைச் சரி பண்ணித் தரச் சொல்லி என்கிட்டயே கேட்டிருக்காங்க. "மொதல்ல நேரத்துக்கு வாங்க, அப்பறம் பாக்கலாம்"னு சொல்லியிருக்கேன். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா என்ற வார்த்தை மாதிரிதான் இருந்துச்சு. மயிலாத்தா தன் வேலையைப் பாத்துட்டே மத்த மெசின் ஓடற சத்தத்தைக் காதுல வாங்கிட்டே இருக்குமாம். "செல்வி, உனக்கு மூணு சுத்துக் கொறையுது பாரு"ன்னு குரல் குடுக்குமாம். மத்தியானம் சாப்புட்டு வந்ததும் எல்லாரோட காயிலையும் ஒருக்கா வெரல்ல தடவிப் பாக்குமாம். கீறல் இருந்தா வெரலுக்குத் தெரியுமாம். அந்தப் பேச்சு நின்னதும் டெஸ்ட்ல திரும்பி வர்றது கூடி எண்ணிக்கை எறங்கிருச்சு, லேசாக் கொறைஞ்சது டெஸ்ட்டுலயும் தப்பி வெளியில போயிருச்சு.

நான் கண்ணாடிக்கு அக்கட்ட நின்னு கேட்டது "செல்வி" வரைக்குந்தானுங்க. அதுக்கு மேல கேட்டிருந்தா மார்க் கொறைச்சிருக்க மாட்டேன். இப்ப அப்படிச் சொல்லிக்கறேன். கொறைச்சுத்தான் இருப்பேன்.

மொதலாளி ஒரே வார்த்தைதான் சொன்னாரு. "போய்க் கூட்டிட்டு வா." ஆள் அனுப்பறேன்னேன். "நீ போ"ன்னாரு.

ஞாயித்துக்கிழமை போனேன். வண்டியில போயிருக்கலாம். என்னமோ அந்த பஸ்ல போய்ப் பாக்கணும்னு தோணுச்சு. ஊருக்குள்ள விசாரிச்சுப் போனா, அந்தம்மா வூட்டுக்கு முன்னாடி தகர ஷெட்டுல உக்காந்து, கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டிட்டு இருக்குது. ஊர்க்காரங்க மோட்டாரெல்லாம் வரிசையாக் கெடக்குது. என்னையப் பாத்ததும் எந்திரிச்சுச்சு. "வாங்க சார்"னு சேர் எடுத்துப் போட்டு, தண்ணி கொண்டு வந்து குடுத்துச்சு. இருவத்திரண்டு வருசத்துல என்னையத் திட்டினவங்க எத்தனையோ பேரு. அதெல்லாம் ஒண்ணும் பண்ணலைங்க. அந்த ஒரு டம்ளர் தண்ணி பண்ணுச்சு.

"வேலைக்கு வந்துரும்மா. நடந்ததை மறந்துரு"ன்னேன்.

"வர்றதுல ஒண்ணுமில்லீங்க. அதே பஸ்ஸுதானுங்களே. எட்டு முப்பத்தேழுதான் ஆகும்."

"அதுக்கு முந்தின பஸ்ல வரலாம்ல?" இதை நான் கேட்டேன். அங்க உக்காந்துட்டு, அவங்க தண்ணியைக் குடிச்சுட்டுக் கேட்டேன்.

"முந்தின பஸ்ஸு அஞ்சு அம்பதுக்குங்க. அதுலயும் வந்தனுங்க சார். நீங்க கேட்டைப் பூட்டச் சொன்னப்பறம் மூணு வாரம் அதுலதான் வந்தேன். ஆறே முக்காலுக்குக் கொண்டு வந்து எறக்கி விட்டுருவான். வாட்ச்மேன் உள்ள விட மாட்டாரு. எட்டேகாலுக்கு முந்தி யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு ரூலுங்களாமா. டீக்கடையில எத்தனை நேரம் நிக்கறதுங்க? எல்லாம் ஆம்பளைங்க, ஒரு மாதிரியாப் பாப்பாங்க. ரோட்டோரத்துல நின்னுட்டு இருந்தனுங்க. மழை புடிச்சுது, அப்பறம் முடியலை."

அந்த எட்டேகால் ரூல் நான் போட்டதுதாங்க. நாலு வருசத்துக்கு முந்தி. சீக்கிரம் வந்து உள்ள படுத்துத் தூங்கறாங்கன்னு போட்டது. இன்னொண்ணும் சொல்லிர்றேன், உங்ககிட்ட மறைச்சு என்னாகப் போகுது. ஒரு நாள் ஏழேகாலுக்கு நான் கம்பெனிக்கு வரும்போது அந்தம்மா வெளியில நிக்கறதை என்ற கண்ணாலயே பாத்திருக்கேன். ‘இந்தம்மாவுக்கு வூட்டுல சோலியே இல்லையாட்டிருக்குது’ன்னு நெனைச்சுட்டே உள்ள போனேன். எனக்கு வாட்ச்மேன் சல்யூட் வெச்சுக் கேட்டைத் தொறந்து விட்டான்.

மயிலாத்தா கோபமாச் சொல்லலைங்க. நெசமாலுமே தெரிஞ்சுக்கற மாதிரிக் கேட்டுச்சு. "ரெண்டு ரூலும் நீங்க போட்டதுதானுங்களே சார். ரெண்டுக்கும் நடுவுல நான் எங்க நிக்கறதுன்னு சொன்னீங்கன்னா அங்க நின்னுக்கறனுங்க."

 "என்ன பண்ணணும்னு நீயே சொல்லும்மா"ன்னேன். கேட்டு விசயம், மீட்டரு விசயம், போர்டு விசயம், இதெல்லாம் கேக்கும்னு நெனைச்சேன், கேட்டுச்சு. கடைசியில ஒண்ணு சொல்லுச்சு. "நீங்க ஒரு வாரம் எங்க கூட உக்காந்து வேலை செய்யுங்க சார். தப்பா நெனைச்சுக்காதீங்க. நாங்க சொன்னா உங்களுக்குப் புரிய மாட்டேங்குது."

உக்காந்தேன். ஆறு நாள். அந்தக் கதையைச் சுருக்கமாச் சொல்லிர்றேன், நெம்ப அவமானம். மொத நாள் பன்னெண்டு காயில் சுத்துனேன், பதினொண்ணு குப்பைக்குப் போச்சு. அந்தப் பன்னெண்டாவதும் மயிலாத்தா திருத்திக் குடுத்தது. பத்து மணிக்குள்ள ரெண்டு தரம் பாத்ரூம் வந்துருச்சு. ஆணியில பாத்தா கட்டை இல்லை, யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. நிக்கறேன், உக்கார்றேன், காலை மாத்திப் போடறேன். பதிமூணு பேரும் குனிஞ்சு வேலை பாக்கற மாதிரி இருக்காங்க, தோள் மட்டும் குலுங்குது. கட்டை வந்ததும் நான் போன வேகத்தைப் பாத்துக் குப்புராஜே கண்ணைத் தொறந்துட்டான். மத்தியானமே அந்தக் கட்டையைக் கழட்டிட்டேன். மனசு மாறிட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. மனசில்லைங்க, உடம்பு.

போர்டையும் கழட்டினேன். பேச்சுன்னா என்ன பேச்சுங்கறீங்க? யாரு வூட்டு மருமக எந்தச் சீலை எடுத்தா, எந்தக் கடையில வெங்காயம் நல்லாருக்குது, "உனக்கு ரெண்டு கொறையுது", யாரு புள்ளைக்குப் பரிட்சை, "கம்பி கீறுது பாரு, மெல்ல இழு". எது ஊர்க்கதை, எது வேலைன்னு பிரிக்கவே முடியலைங்க. பிரிக்கறதுக்கு ஒரு தாள் போடலாமான்னு மூணாவது நாள் யோசிச்சேன். அப்பறம் விட்டுட்டேன்.

கேட்டு இப்ப ஆறே முக்காலுக்குத் தொறக்கும். உள்ள ஒரு பெஞ்சும் ஃபேனும் இருக்குது. பஸ்ல வர்றவங்க எட்டு நாப்பதுக்கு வேலை ஆரம்பிச்சு, பத்து நிமிஷம் சேத்தி இருந்துட்டுப் போறாங்க. மீட்டரு புதுசு. தீவாளிக்குள்ள ஒரு நாளைக்கு நூத்திப் பதினாறு போச்சு. நோம்பி முடிஞ்சு நூத்திருவதைத் தொட்டுச்சு. குப்புராஜை ஸ்டோருக்கு மாத்துனோம். அங்க பேச வேண்டியிருக்குது, அதனால முழிச்சுட்டு இருக்கறான்.

டிசிப்ளினே வேண்டாங்கறனான்னா, இல்லைங்க. அந்தப் பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர் வெச்சிருந்த டிசிப்ளின் இருக்குதே, அதுல கால்வாசி எனக்கில்லை. கீறல் இருந்தா மூஞ்சிக்கு நேராச் சொல்லுவாங்க. அழுதாலும் பிரிச்சுத் திருப்பிக் கட்ட வெப்பாங்க. அதைத்தான் நான் பேச்சுன்னு எழுதி வெச்சிருந்தேன்.

சென்னைக்கு எதுக்குப் போறேன்னு கேக்கலையே நீங்க. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சம். சின்னத் தொழில்காரங்க சங்கத்துல நாளைக்குக் காலையில ஒரு கூட்டம். "ஒழுக்கமும் ஊக்கமும் உற்பத்தியும்"னு நான் பேசணும். நானேதான். மொதலாளி பேரு குடுத்துட்டாரு. அரை மணி நேரம், படமெல்லாம் போட்டுக் காட்டணும். இந்தா பாருங்க, லேப்டாப்புல பையன் பண்ணிக் குடுத்தான். இது அந்த கிராப். மொதல்ல ஏறுது. நடுவுல ஒரு பள்ளம் இருக்குது பாருங்க, அதுக்கு என்ன எழுதறதுன்னு தெரியலை, ‘தற்காலிகச் சரிவு’ன்னு போட்டிருக்கேன். அப்பறம் ஏறுது. இது நான் செக்‌ஷன்ல உக்காந்து காயில் சுத்தற போட்டோ. கீழ ‘களத்தில் தலைமை’ன்னு போட்டிருக்குது. பையன் போட்டது. நல்லாத்தானே இருக்குதுன்னு நானும் விட்டுட்டேன்.

என்னங்க?

அவங்களைக் கூட்டிட்டு வரலையான்னா... மயிலாத்தாவையா? எனக்குத் தோணாம இல்லைங்க. கேட்டேன். ஆனா அந்தம்மாவுக்கு லீவு இல்லை. வருசத்துக்குப் பன்னெண்டு நாள், அது இந்த வருசம் ஆவணிலயே தீந்துபோச்சு, மக பிரசவத்துக்கு எடுத்தது. லீவு தீந்தவங்க வெளியூர் போகக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்குது. நோம்பி சீசன்ல. அது வந்துங்க...

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க.

சரி. ஆமாங்க. நான் போட்டதுதான்.

இருங்க. ஒரு நிமிஷம். டைம் என்னாச்சு? காலையில பத்தே முக்கால்தான். ராத்திரி வண்டியில ஏறினா காலையில வந்துரலாம். ஆன்-டூட்டி போட்டாப் போச்சு, லீவெதுக்கு. இது ஏன் எனக்கு முந்தியே... இருங்க, செக்‌ஷன் லைன்ல அடிக்கறேன்.

அலோ, செல்வியா. மயிலாத்தாகிட்டக் குடும்மா.

மயிலாத்தாம்மா, நாந்தான். ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போடச் சொல்றேன், நீ கெளம்பி வா. கூட்டத்துல நீ பேசு, நான் பக்கத்துல நின்னுக்கறேன்... என்னது? ...இன்னைக்கு எத்தனை பாக்கி? ...அப்படியா. ...இல்லைம்மா, நான் என்னத்தைப் பேசறது, நீ வந்தாத்தானே... ம். ...ம். ...அதையா? நாப்பது அம்பது மொதலாளிங்க உக்காந்திருப்பாங்கம்மா. எல்லார்த்துக்கும் முன்னாடியா? ...சரி. ...சரிம்மா. வெய்யி.

வர முடியாதுங்களாமா. ரெண்டு புதுப் புள்ளைங்க நேத்துத்தான் சேந்திருக்குது, கைப்பழக்கம் வர்ற வரைக்கும் பக்கத்துல இருக்கணுமாம். "நீங்களே பேசிருங்க சார், படமெல்லாம் வேண்டாம், நான் வெளியில நின்ன கதையை மட்டும் அப்படியே சொல்லிருங்க"ங்குது.

லேப்டாப்பை மூடி வெச்சர்றேன். நீங்க ஒரு உதவி பண்ணுங்க. சென்னை வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குது. நீங்களும் ஒரு மொதலாளிதானே, அங்க உக்காந்து கேக்கறவங்க மாதிரி கொஞ்சம் கேளுங்க. "எல்லாருக்கும் வணக்கம். என்ற பேரு சென்னியப்பன். ஒரு அம்மா ஒண்ணரை மணி நேரம் கேட்டுக்கு வெளியில நின்னுட்டு இருந்தாங்க. அந்தக் கேட்டைப் பூட்டி வெச்சது நான்."

இப்படி ஆரம்பிச்சா சரியா இருக்குங்களா?